கலப்பின நாயோடு வாழ: குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரல்வாய்மொழியில் இருந்து களியக்காவிளை வரை எந்த ஊருக்குள் போனாலும், கேட் சத்தம் கேட்டு முதலில் ஓடி வருவது பெரும்பாலும் ஒரு கிராஸ் நாய்தான். லாப் கிராஸ், பொமரேனியன் கிராஸ், அல்சேஷன் கிராஸ், இல்லாவிட்டால் அப்பன் யாரென்றே தெரியாத நாட்டுக் குட்டி. விலை கொடுத்து வாங்கிய சாதி நாய்க்கு என்ன கொடுக்கலாம், எப்படிக் குளிப்பாட்டலாம் என்று தேடித் தேடிக் கேட்பவர்கள்கூட, கிராஸ் நாய் என்று வந்தால் "அது நாட்டு ரத்தம், எதையும் தாங்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையால் தடுப்பூசி போடாமல், உண்ணிக் காய்ச்சலைக் கவனிக்காமல், பல நல்ல நாய்கள் பாதி வயதிலேயே போய்விடுகின்றன.

கலப்பில் பிறந்த நாய்களுக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு குறைவு என்பது சரிதான். ஆனால் ரத்தப்பேதி உண்டாக்கும் பார்வோ வைரஸுக்கும் ரேபிஸுக்கும் உண்ணிக்கும் நாயின் சாதி தெரியாது. இனத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முன்னால் நிற்கும் நாயின் உடம்பைப் பாருங்கள். அது வாழப்போகும் இந்த ஈர மண்ணைப் பாருங்கள். வளர்ப்பு முறை இந்த இரண்டிலிருந்தும் கிடைத்துவிடும்.

குட்டியை எடுக்கும் முன்

குட்டிக்கு 8 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். "கண் திறந்தாச்சு, சோறு தின்னுது, கொண்டு போங்க" என்று 30 நாள் குட்டியைக் கையில் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது கூடப்பிறந்தவற்றோடு உருண்டு விளையாடும்போதுதான். அது கிடைக்காத குட்டி, வளர்ந்த பிறகும் விளையாட்டாகக் கையைக் கடித்துக் குதறும்.

முடிந்தால் தாயைப் போய்ப் பாருங்கள். தாய் மனிதரிடம் நெருங்கி வருகிறதா, ஒதுங்கி நின்று உறுமுகிறதா என்பது குட்டியின் குணத்தைப் பற்றி நிறையச் சொல்லும். குட்டியின் கண்ணும் மூக்கும் ஒழுகாமல் இருக்க வேண்டும், ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், பின்பக்கம் பேதி ஒட்டியிருக்கக் கூடாது. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தால் அது குடற்புழு. மருந்தில் சரியாகும், பயப்பட வேண்டாம்.

பெட்டைக் குட்டி என்றால் பலர் தயங்குகிறார்கள். சந்தை ஓரத்திலும் குளத்தங்கரையிலும் சாக்கில் கட்டி விடப்படுபவை பெரும்பாலும் பெட்டைகள்தான். குடும்பத்தோடு ஒட்டுவதிலும் வீட்டைக் காப்பதிலும் பெட்டை எந்தக் குறையும் வைக்காது. குட்டி போடுமே என்ற கவலைக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. மனம் இருந்தால் பெட்டையையே எடுங்கள்.

உடம்பைப் படித்துக்கொள்ளுங்கள்

முதலில் அளவு. நடுத்தர அளவு நாயாக இருந்தால், நாலு மாதத்தில் உள்ள எடையின் ஏறக்குறைய இரண்டு மடங்கு வளர்ந்த பிறகு இருக்கும். கூடு, பெல்ட், சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் இதை வைத்துத் திட்டமிடலாம்.

அடுத்து ரோமம். முதுகில் விரலை எதிர்த்திசையில் ஓட்டிப் பாருங்கள். மேல்முடிக்குக் கீழே பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு தெரிந்தால் பொமரேனியன், அல்சேஷன், ஹஸ்கி வழியில் ஏதோ ஒன்று கலந்திருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் அந்த உள்ளடுக்கு ஒரு தடவை நனைந்தால் லேசில் காயாது. வாரத்தில் மூன்று நாளாவது சீவிவிட வேண்டும். வெயில் காலத்தில் மொட்டை அடித்துவிடுவது பலர் செய்யும் காரியம், அது வேண்டாம். உதிர்ந்த முடியைச் சீவி எடுத்தாலே காற்று போகும். மொட்டையடித்த தோலில் வெயில் நேரடியாகச் சுடும்.

காது தொங்குகிறதா? வாரம் ஒரு தடவை தூக்கி மோந்து பாருங்கள். புளித்த வாடையோ கறுப்பு அழுக்கோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினால் உள்ளே இருக்கும் பூஞ்சைக்கு இன்னும் வசதிதான். முகம் சப்பையாக இருந்தால் மூச்சுவிடச் சிரமப்படும், பகலில் நடக்கவிடாதீர்கள். முதுகு நீண்டு கால் குட்டையாக இருந்தால் மாடிப்படியில் குதிக்க விடாதீர்கள். மார்பு ஆழமாக, இடுப்பு ஒடுங்கி, சிப்பிப்பாறை அல்லது டாபர்மேன் சாயலில் இருந்தால் அது மெலிந்து தெரிவது இயல்பு. அப்படிப்பட்ட நாயை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் ஓடவிடக் கூடாது. வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

கலப்பின நாய்க்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. சொறிக்கும் உண்ணிக்கும் ஐவர்மெக்டின் ஊசியை, அதுவும் மாட்டுக்கு வாங்கி வைத்ததை, நாய்க்குப் போட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. கோலி போன்ற ஆடு மேய்க்கும் இனங்கள் பலவற்றில் இந்த மருந்து மூளைக்குள் போவதைத் தடுக்கும் மரபணுவில் குறை இருக்கும். அல்சேஷனில்கூட அது சில நாய்களுக்கு இருக்கிறது. உங்கள் நாயின் மூன்றாம் தலைமுறையில் என்ன கலந்தது என்று யாருக்குத் தெரியும்? தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம், சாவு வரைக்கும் போகலாம். மருத்துவர் எடை பார்த்து முடிவு செய்யாமல் இந்த ஊசியை யார் கையாலும் போட விடாதீர்கள்.

முதல் நாட்கள்

புதுக் குட்டி ராத்திரி அழும். அதைப் பின்பக்க விறகுப்புரையில் அடைத்துவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். உங்கள் மூச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு சாக்கு விரித்துப் போட்டால் சில ராத்திரிகளில் அடங்கிவிடும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே போனதும் பாராட்டி ஒரு துண்டு முட்டை கொடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் துடைத்துவிட்டு விடுங்கள். மூக்கைத் தேய்ப்பதால் அது கற்றுக்கொள்வது உங்களைக் கண்டு பயப்படுவதை மட்டும்தான்.

14 வாரம் வரைக்கும் குட்டியின் மனசு திறந்திருக்கும். அந்த வயதில் பார்த்துப் பழகியவற்றைப் பெரிதானபின் பெரும்பாலும் எதிர்க்காது. ஊசி முடியாததால் தரையில் விட முடியாது, சரி, கையில் தூக்கிக்கொண்டு காட்டுங்கள். ஹாரன் அடித்துக்கொண்டு வரும் மீன்காரர் வண்டி, கோட்டு போட்டு ஸ்கூட்டரில் போகிறவர், குடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர்ப் பால் வெட்டப் போகும் தொழிலாளி. தோட்டத்துப் பக்கம் வீடு இருந்தால் இந்தக் கடைசி ஆளைக் கட்டாயம் பழக்குங்கள். இருட்டில் அசைந்து வரும் வெளிச்சத்தைக் கண்டு பாய்ந்து கடிக்கிற நாய், அவருடைய பிழைப்பையே கெடுத்துவிடும்.

ஊசி, பூச்சி மருந்து

6 முதல் 8 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி. அதன்பின் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று. கடைசி டோஸ் 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி முந்தைய ஊசிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம் என்பதால்தான் இத்தனை தடவை. "ஒரு ஊசி போட்டாச்சு" என்று நிறுத்திய குட்டிகளுக்குத்தான் ரத்தப்பேதி வருகிறது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு குட்டி ரத்தமாகக் கழிந்து இறந்த முற்றத்தில், ஊசி முடியாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடாதீர்கள்.

ரேபிஸ் ஊசி 3 மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும்போது ஒரு பூஸ்டர், அதற்கப்புறம் ஆண்டுதோறும். ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் பல இடங்களில் இதை இலவசமாகவே போடுகிறார்கள். 1885இல் இதே நாளில்தான் லூயி பாஸ்டர் உருவாக்கிய ரேபிஸ் தடுப்பூசி, நாய் கடித்த ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது.

கூட்டு ஊசி வாங்கும்போது எலிக்காய்ச்சலுக்கான பாகம் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். வயலும் வாழைத்தோட்டமும் கால்வாயும் உள்ள மாவட்டம் இது, இரண்டு மழைக்காலம் வேறு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நடந்தாலே நாய்க்கு வந்துவிடும். அதன் மூத்திரத்திலிருந்து வீட்டாருக்கும் வரலாம். இந்த ஊசிக்கு எதிர்ப்பு சக்தி நீண்டகாலம் நிற்காது, வருடந்தோறும் தவறாமல் போட வேண்டும்.

குடற்புழு மருந்து 3 மாதம் வரை 15 நாளுக்கு ஒன்று, 6 மாதம் வரை மாதம் ஒன்று, பிறகு 3 மாதத்துக்கு ஒன்று. எல்லா மருந்தும் எடைக்கணக்கு என்பதால் எடை தெரிந்திருக்க வேண்டும். வீட்டு எடை மிஷினில் நீங்கள் தனியாக ஒரு தடவை, நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறிக் கழித்துப் பாருங்கள்.

சாப்பாடு

மிஞ்சிய சோற்றில் மீன்குழம்பைப் பிசைந்து வைப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். அன்பாகத்தான் வைக்கிறோம். ஆனால் அந்தக் குழம்பில் உள்ளி (வெங்காயம்), பூண்டு, மிளகாய், உப்பு, அரைத்த தேங்காய் எல்லாம் இருக்கின்றன. உள்ளியும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாளில் தெரியாது, தொடர்ந்து போனால் தெரியும். தேங்காயின் கொழுப்பு சில நாய்களுக்குக் கணையத்தைப் புண்ணாக்கும்.

நாய்க்கென்று தனிச் சட்டி வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை, பெரிய செலவும் இல்லை. சாளை மலிவாகக் கிடைக்கும் காலத்தில் குடலை எடுத்துக் கழுவி, உப்புப் போடாமல் குக்கரில் நன்றாக விசில் வையுங்கள். விரலால் நசுக்கினால் முள் மாவாக உதிர வேண்டும். உதிராவிட்டால் இன்னும் வேகவிடுங்கள். நெய்மீன், சூரை மாதிரிப் பெரிய மீன் என்றால் நடுமுள்ளையும் தலை எலும்பையும் எடுத்துவிட வேண்டும். பச்சைச் சாளையைப் பழக்கமாகக் கொடுக்காதீர்கள், அதில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும். கருவாடு உப்புக்காகவே வேண்டாம்.

அளவு என்று பார்த்தால், சட்டியில் பாதியாவது மீன், கோழி, ஈரல், முட்டை என்று இருக்கட்டும். மீதிச் சோறும் கொஞ்சம் மத்தங்காயோ காரட்டோ போதும். கோழிக்கடையில் கிடைக்கும் ஈரல், கழுத்து, கால் எல்லாம் நல்லதுதான். ஆனால் வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் குத்தும், எலும்பைப் பிரித்துவிட்டு வையுங்கள். வீட்டுச் சமையலில் சுண்ணாம்புச்சத்து குறைவு. வளரும் குட்டிக்கு எவ்வளவு கால்சியம் என்று மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள், அதிகமானாலும் எலும்பு கெடும். குட்டிக்கு 3, 4 வேளை, பெரிய நாய்க்கு 2 வேளை. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் எடை சரி.

மரச்சீனி (மரவள்ளி) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொலி உரித்து, தண்ணீரில் வேகவைத்து வடித்த கிழங்கைக் கொஞ்சம் கொடுக்கலாம். பச்சைக் கிழங்கிலும் தொலியிலும் இலையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஆடு மாடு செத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், நாய்க்கும் அதே விஷம்தான். தொலியை உரக்குழியில் போட்டால் மூடி வையுங்கள். சாக்லேட், திராட்சை, கிஸ்மிஸ், நம் மாத்திரை டப்பாவில் இருக்கும் பாரசிட்டமால், இவையும் கூடாது.

உண்ணி

இந்த மாவட்டத்தில் நாய் வளர்ப்பவர் ஒரே ஒரு விஷயத்தில் கெட்டியாக இருக்க வேண்டும் என்றால் அது உண்ணிதான். வெக்கையும் ஈரமும் வருடம் முழுக்க இருப்பதால் அதற்கு ஓய்வுக்காலமே கிடையாது.

தினமும் சாயங்காலம் டார்ச்சோடு உட்காருங்கள். நாயின் தலையை மடியில் வைத்துக் காதிலிருந்து தொடங்குங்கள். காது ஓரத்தில் தோல் இரண்டாக மடிந்து சின்னப் பை மாதிரி இருக்கும் இடம் ஒன்று உண்டு, அதை விரித்துப் பாருங்கள். பிறகு பெல்ட்டுக்கு அடியில், அக்குளில், வாலுக்குக் கீழே, கடைசியாகக் கால்விரல்களுக்கு நடுவில். விரல் இடுக்கில் எள் அளவில் இருக்கும் குஞ்சு உண்ணிகளைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தால் அங்கே முதலில் பாருங்கள். பாதம் பார்க்கும்போதே முன்காலின் உள்பக்கம் உயரத்தில் இருக்கும் தனி நகத்தையும் பாருங்கள். அது தரையில் தேயாது, வளைந்து வளர்ந்து சதைக்குள் குத்தும்.

கண்டதும் பிளக்கரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுங்கள். எடுத்ததை நகத்தால் நசுக்காதீர்கள், அதன் ரத்தம் வழியாகக் கிருமி பரவலாம். ஸ்பிரிட்டிலோ சோப்புத் தண்ணீரிலோ போடுங்கள். மண்ணெண்ணெய் தேய்ப்பது, பினாயில் கலந்து குளிப்பாட்டுவது, மாட்டுக்கு அடிக்கும் மருந்தை அளவில்லாமல் ஊற்றுவது எதுவும் வேண்டாம். நாய் அதை நக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும்.

கையால் எடுப்பது மட்டும் போதாது. நெக்ஸ்கார்டு போல மாதம் ஒன்று கொடுக்கும் மாத்திரை உண்டு, பிராவெக்டோ போலச் சுமார் 3 மாதம் நிற்பதும் உண்டு. விலை கொஞ்சம் கூடுதல்தான். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ், ஊசி என்று போகும் பணத்தோடு ஒப்பிட்டால் கம்மி. எதைக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு, வலிப்பு வந்த நாயாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும்.

அப்புறம் வீடு. நாய் மேல் தெரிவது கொஞ்சம்தான், பெரும்பகுதி சுவரில் இருக்கிறது. ரத்தம் குடித்த பெட்டை உண்ணி கீழே விழுந்து, சுவரேறி, இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கூட்டின் மூலை, விறகு அடுக்கு, மட்டையும் ஓலையும் குவித்த இடம், சிமெண்ட் பெயர்ந்த வெடிப்பு இவற்றைச் சுத்தம் செய்து, வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். படுக்கும் சாக்கை வாரந்தோறும் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள்.

நாய் ஒருவேளை சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, வயிற்றில் சிவப்புப் புள்ளி இருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கைக்கு எப்போதும் சூடாகவே தெரியும். அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் எர்லிச்சியா (உண்ணி பரப்பும் ஒரு கிருமி) என்று வந்தால் மாத்திரை ஏறக்குறைய 4 வாரம் போகும். மூன்றாம் நாளே நாய் துள்ளிக்கொண்டு எழுந்துவிடும். அதோடு மாத்திரையை நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கி, பின்னால் எலும்பு மஜ்ஜையைத் தின்னும்.

சங்கிலி

காவலுக்கு என்று வாங்கி, தென்னைமரத்திலோ கூட்டிலோ இரண்டு முழச் சங்கிலியில் கட்டி, ஆயுசு முழுக்க அங்கேயே வைப்பது நம் ஊரில் சர்வசாதாரணமாகிவிட்டது. மலம் கழிக்கும் இடத்திலேயே சோறு, அதிலேயே தூக்கம். மனசு கனத்துத்தான் இதை எழுதுகிறேன், இவற்றில் எத்தனையோ நாய்களுக்குக் கோபக்காரன் என்ற பெயர் வேறு. ஓட வழியில்லாத நாய்க்கு மிரட்டுவதைத் தவிர வேறு என்ன வழி இருக்கிறது?

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், நியாயமற்ற நேரத்துக்கு, மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டி வைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியே போடும் நாயை நடமாட விடாததும் அதே பிரிவில் குற்றம்தான்.

காம்பவுண்டு இருந்தால் ராத்திரி முழுக்க அவிழ்த்து விடுங்கள். இல்லையென்றால் இரண்டு மரத்துக்கு நடுவே கம்பி இழுத்து, சங்கிலியின் வளையம் அதில் ஓடும்படி மாட்டலாம், நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில். அதோடு காலையிலும் மாலையிலும் அரை அரை மணி நேரம் நடை. மோந்து பார்த்துக்கொண்டே நடக்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம். குழந்தையையும் நாயையும் தனியாக விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள், நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மழை, கடல், தோட்டம்

ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இந்த மாதங்களில் நடந்து வந்ததும் பாதத்தையும் வயிற்றையும் துணியால் ஒற்றி எடுங்கள். குளியல் மாதம் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், நாய்க்கான ஷாம்பூ போட்டு வெயில் உள்ள நாளில் குளிப்பாட்டுங்கள். கூட்டைத் தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்த்துங்கள். புயல் அறிவிப்பு வந்தால் நாயைக் கட்டிப்போட்டு விடாதீர்கள், வீட்டுக்குள் ஏற்றிக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது ரப்பரும் தென்னையும் வாழையும் எப்படிச் சாய்ந்தன என்று பார்த்தவர்கள் நாம்.

கடற்கரை ஊர்களில் நாய்க்குக் கடல் பெரிய சந்தோஷம். வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) இழுத்த இடத்தில் ஒதுக்கிப் போட்ட மீன்களில் பேத்தை என்ற விஷமீன் இருக்கும். ஊதிக் காய்ந்து கிடக்கும் அதைத் தின்றால் கைகால் விழுந்து மூச்சு நின்றுவிடும், முறிவு மருந்து கிடையாது. மணலில் தூண்டில் முள்ளும் கிடக்கும். கரமடி இழுக்கும் பக்கம் போனால் கயிற்றை விடாதீர்கள்.

தோட்டத்துப் பக்கம் ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட், வாழைக்கு வைக்கும் குருணை மருந்து, எலிமருந்து மூன்றையும் பூட்டி வைக்க வேண்டும். நாய் திடீரென்று எச்சில் ஒழுக்கி நடுங்கினால் உப்புக்கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துக் கவரை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். மழை ராத்திரியில் தேரையைக் கவ்வினாலும் நுரை தள்ளும், அதற்கு வாயைத் தண்ணீரால் நன்றாகத் துடைத்து வழித்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், கட்டுப் போடவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு ஊசி நாய்க்கும் போடலாம். அது எங்கே இருக்கும் என்று இன்றைக்கே விசாரித்து வைப்பதுதான் வேலை. ஸ்கேன், பெரிய அறுவை சிகிச்சை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வெடியும் இந்த ஊரில் ஒரு காலநிலைதான். தீபாவளி, டிசம்பர் 3 வரை நடக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஊர்க் கோயில் கொடைகள் என்று வருடம் முழுக்க வரும். வெடிக்கு முன்பே நடத்திக் கூட்டிவந்து, ஜன்னல் சாத்திய உள்ளறையில் ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டு வையுங்கள். பயந்து கட்டிலுக்கடியில் புகுந்தால் அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் போய் உட்கார்ந்து தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடாது, தாராளமாகச் செய்யுங்கள்.

கருத்தடை

2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாயின் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் உரிமையாளரைத்தான் பொறுப்பாக்குகின்றன. பெட்டை வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு தடவை சூட்டுக்கு வரும், சினைக்காலம் 63 நாள் அளவு. சின்ன, நடுத்தர நாய்க்கு 6 மாதத்துக்கு மேல் செய்யலாம். பெரிய உடம்புக் கலப்பு என்றால் எலும்பு வளர்ந்து முடியட்டும் என்று ஒரு வயதுக்கு மேல் காத்திருக்கச் சொல்வார்கள். செய்யாத பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து வயதோடு ஏறும். சூடு முடிந்த சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து படுத்தால் அது அவசரம், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

கடித்துவிட்டால்

வீட்டு நாய் என்றாலும், குட்டி கீறியது என்றாலும், உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரும். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டுமா என்று கேளுங்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் 10 நாள் பார்வையில் வையுங்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, காரணமில்லாமல் மரத்தையும் கல்லையும் கடிப்பது இவையெல்லாம் அறிகுறி. அறிகுறி வந்தபின் மனிதருக்கும் நாய்க்கும் சிகிச்சையே இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

வயதான காலமும், நீங்கள் இல்லாத நாளும்

7 வயதுக்கு மேல் வருடம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை நல்லது. பல் கறை, வாய் நாற்றம், படியேறத் தயக்கம் இவற்றை "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். வலிக்கு மருந்து இருக்கிறது, மருத்துவர் கொடுப்பதை மட்டும் கொடுங்கள். வழுக்கும் டைல்ஸில் ஒரு சாக்கோ ரப்பர் பாயோ விரித்தால் அதன் நடையே மாறும்.

நம் மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்க, அம்மாவும் அப்பாவும் ஒரு நாயும் மட்டும் இருக்கும் வீடுகள் நிறைய. அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் நாய்க்குச் சோறு வைப்பது யார் என்பதை இப்போதே பேசி வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவோ மாமாவோ ஒத்துக்கொண்டால், அவர் கையால் மாதம் ஓரிரு தடவையாவது நாய் சாப்பிடட்டும். தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எடை, அடுத்த உண்ணி மாத்திரைத் தேதி, மருத்துவர் எண், எதற்குப் பயப்படும், எதைத் தொட்டால் கடிக்க வரும் என்பதை எழுதி அட்டையை ஃபிரிட்ஜ் மேல் வையுங்கள்.